சாவா வீரரும் சாய்ந்த வீரரும்

சாவாதிருத்தல் வேண்டும் என்னும் விழைவு மக்கட்குலத்தைப் பற்றிய விழைவுகளுள் மிகத் தொன்மையானது. பாற்கடலைக் கடைந்து அமுதம் பெற்ற கதையை நம் நாட்டார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். பாபிலோனிய நாட்டுப் பழங்காப்பியத் தலைவனாகிய கில்கமேசு என்பான், தன் ஆருயிர்த் தோழனாகிய என்கிடு மாண்டபின்னரே சாவை அஞ்சி, உலகின் எல்லைவரை மருந்து தேடி அலைந்தான். அரிதிற் பெற்ற பூண்டினையும் ஒரு பாம்பு கவர்ந்துகொண்டது. நம் பாரதத்திலோ, துரியோதனன்பால் வைத்த பற்றினால் நள்ளிரவிற் பாசறை புகுந்து உறங்குவாரைக் கொன்ற அசுவத்தாமனுக்குக் கிடைத்தது, மூவாயிரம் ஆண்டு துணையின்றி அலைக என்னும் சாபமே. எனவே, வீரன் ஒருவனுக்குச் சாவாமை வரமோ சாபமோ என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று.

அவ்வினாவையே புதுவதாக எழுப்பும் கதையொன்று இந்நாளில் மாணவரிடையே பேசப்படுகின்றது. கிரெக் ருக்கா என்பார் எழுத, லியாண்ட்ரோ பெர்னாண்டசு என்பார் ஓவியந்தீட்ட, ‘தி ஓல்டு கார்டு’ என்னும் பெயரால் 2017ஆம் ஆண்டில் அது படக்கதையாக வெளிவந்தது. 2020ஆம் ஆண்டில் ஜினா பிரின்சு பைத்வுட் என்னும் அம்மையாரின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. வெட்டுண்டாலும் சுடப்பட்டாலும் மீண்டெழும் வீரர் சிலர், நூற்றாண்டுகள் பலவாக ஒருவர்க்கொருவர் துணைநின்று போர்புரிவதே கதை. அவர்க்குத் தலைவி ஆன்றமக்கி என்பவள். ஆயிரமாயிரம் ஆண்டு வாழ்ந்தவள். யூசுபு, நிக்கோலோ என்னும் இருவர் சிலுவைப் போரில் எதிரெதிர் அணியில் நின்று ஒருவரையொருவர் பன்முறை கொன்றவர். கொன்றும் சாவாமை கண்டு, பகை நீங்கிப் பிரியாக் காதலராயினர். தலைவியின் பழந்தோழியாகிய குவின் என்பாள், சூனியக்காரி எனப் பழிக்கப்பட்டு, இரும்புப் பேழையுள் அடைக்கப்பெற்றுக் கடலில் ஆழ்த்தப்பட்டாள். மூச்சடைத்து இறப்பதும் மீள உயிர்ப்பதுமாக அவளுக்கு நூற்றாண்டுகள் கழிந்தன. ஆன்றமக்கி நெடுங்காலம் தேடிக் காணாது, முடிவில் அம்முயற்சியைக் கைவிட்டாள். புக்கர் என்னும் பிறிதொருவனோ, மனைவி மக்கள் மாண்டொழியத் தானொருவனே எஞ்சியமையால் வாழ்வை வெறுத்துத் தோழரைக் காட்டிக்கொடுத்தான். நூறாண்டு தம் முகத்தில் விழித்தலாகாது என்பது தோழர் அவனுக்கு விதித்த தண்டனை.

இக்கதையை யான் இகழ்வேனல்லேன். பகைவராய் வந்தவர் காதலராய் மாறியதும், தோழனது துரோகத்திற்குக் கொலையை விடுத்துப் பிரிவையே தண்டமாக விதித்ததும் நெஞ்சைத் தொடுவன. ஆயினும் ஒன்றை உற்றுநோக்குதல் வேண்டும். கதையின் நடுவே ஆன்றமக்கியின் புண் ஆறாது போகின்றது. அவள் சாவாமையை இழந்தாள் என்பதை அறிகின்றோம். அதன் பின்னரே நாம் மூச்சடக்கி நோக்கத் தொடங்குகின்றோம். அதுகாறும் நூறு குண்டுகள் பாய்ந்தும் அசையாத நம் நெஞ்சம், பின்னர் ஒரு சிறு காயத்திற்கும் நடுங்குகின்றது. அவளைக் காக்கத் தோழர் முன்னே பாய்வதற்கும் அப்பொழுதே பொருள் உண்டாகின்றது. சாவாதவரைப் பற்றிய கதையும், அன்பின் எடையைக் காட்டவேண்டிய இடத்தில், சாவையே துணைக்கு அழைக்கின்றது. இழக்கத் தக்கதொன்றைக் கையில் வைத்திருப்பவனுக்கே கொடுத்தல் இயலும் அன்றோ?

இதற்கு நண்பர் சிலர் ஒரு தடை நிகழ்த்துவர். “ஒரு நாழிகையில் உயிரைக் கொடுத்தல் எளிது, ஆயிரம் ஆண்டு ஒருவர் பக்கத்தில் சலியாது நிற்றல் அரிது. விசுவாசத்தின் உரைகல் கால நீட்சியே, சாவோ ஒருவனை அக்கடமையினின்றும் விடுவித்துவிடுகின்றது,” என்பர். இத்தடை வலியுடையது. வெறும் ஆவேசத்தால் வாளெடுத்து வீழ்ந்தவனினும், நாள்தோறும் சோறூட்டி நோயாளியைக் காத்தவன் குறைந்தவனல்லன். விசுவாசத்திற்கு நீட்சி வேண்டும் என்பதை யானும் உடன்படுகின்றேன். ஆயின், அந்நீட்சி ஓர் உடலிலேயே அமைதல் வேண்டுமோ என்பதே எனது வினா. அதற்கு விடை கடல் கடந்த கதைகளில் அன்று, நம் திருவண்ணாமலைச் சீமையில் வழியோரத்துக் கற்களில் உளது என்பது என் கருத்து.

திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தின் வாயிலை ஒட்டிச் செல்லும் பெருவழி செங்கத்துக்குச் செல்வது. மலைவலம் வருவோர் ஓரளவு அவ்வழியே நடந்து, பின்னர் மலையைச் சுற்றித் திரும்பிவிடுவர். திரும்பாது மேற்கே செல்வோர் சேயாற்றங்கரைச் செங்கத்தை அடைவர். அது நன்னன் சேய் நன்னன் என்னும் பழந்தலைவனது ஊர். அவனைப் பாடியதே பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம். அதனைப் பாடிய பெருங்கௌசிகனார், பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுங்கால், புறங்காட்ட நாணி உயிர்நீத்த மறவர்க்குப் பெயர் பொறித்து நட்ட கற்கள் கவர்த்த வழிகளில் மிகப் பல எனவும், அவற்றைத் தொழுது செல்க எனவும் உணர்த்துகின்றார். புலவர் வாய்மொழி புனைந்துரையன்று என்பதற்குச் சான்று மண்ணிலேயே கிடைத்தது. அந்நாளைச் செங்கம் வட்டத்தில் ஊர்தோறும் தேடிக் கண்ட நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையினர் 1972ஆம் ஆண்டில் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டனர். பல்லவ மன்னர் ஆட்சியாண்டுகளைக் குறித்து வட்டெழுத்தில் வெட்டப்பெற்ற கற்கள் அவற்றுட் பல.

அக்கற்களின் மொழி மிகச் சுருக்கமானது. மன்னனது ஆட்சியாண்டு, வீரனின் தலைவன் பெயர், வீரனின் பெயர், அவன் எதன்பொருட்டு நின்றான் என்பது, இறுதியாகப் ‘பட்டான்’ என்னும் ஒரு சொல், அவ்வளவே. ‘தொறு’ என்னும் சொல் அவற்றிற் பன்முறை வரும். அது ஆநிரை என்னும் பொருளது. நிரை கவர்தலை வெட்சி எனவும் மீட்டலைக் கரந்தை எனவும் இலக்கணத்திற் கற்கும் நாம், அவை ஏட்டுத் துறைகளல்ல, பெயரும் ஊரும் உடைய மனிதர் குருதி சிந்திய நிகழ்ச்சிகள் என்பதை இக்கற்களின்முன் உணர்கின்றோம்.

அவற்றுள் ஒன்றை விரித்துக் கூறுதல் தகும். எடுத்தனூரிற் கண்ட அக்கல் முதலாம் மகேந்திரவர்மனது 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடப்பெற்றது. வாணகோ அரசர்க்கு உறவினரான ஒரு தலைவரின் சேவகன் கருந்தேவகத்தி என்பான், எருமை நிரையைக் காத்து நின்று பட்டான் என்று அறிஞர் அதற்குப் பொருள் காண்பர். கல்லில் வீரன் உருவத்தருகே ஒரு நாயின் உருவமும் உண்டு. அதற்கெனத் தனி எழுத்தும் உண்டு. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பது அவ்வெழுத்தின் செய்தி. வீழ்ந்தவன் வேந்தனல்லன், குறுநிலத் தலைவனுமல்லன், பிறர் ஏவற்பணி செய்தவன். அவனருகே நின்றதோ வாயில்லாப் பிராணி. 1,400 ஆண்டுகட்கு முன்னர் ஒரு மேய்ச்சற் புலத்தில் நிகழ்ந்த இச்சிறு பூசலை எந்தப் பேரரசின் வரலாறும் பொருட்படுத்தியிராது. ஆயினும் அவ்வூரார் பொருட்படுத்தினர். நாயின் பெயரையும் விடாது எழுதுவித்த அவர்தம் நன்றியுணர்வை எண்ணுந்தோறும் உள்ளம் உருகுகின்றது. கள்வரின் பெயர் இன்று ஒருவர்க்கும் தெரியாது. கோவிவன் பெயர் நமக்குத் தெரியும்.

இந்நிலத்திற்கு இவ்வழக்கம் இயல்பு போலும். இரமணாசிரமத்தினுள்ளும் ஜாக்கி என்னும் நாய்க்கும், ஒரு மானுக்கும், ஒரு காகத்திற்கும், 1948ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் உயிர்நீத்த இலட்சுமி என்னும் பசுவிற்கும் சமாதிகள் அமைந்துள்ளன. 1896ஆம் ஆண்டில், தமது பதினாறாம் வயதில், மதுரையில் சாவச்சம் தம்மைப் பற்றியபொழுது, ‘இறப்பது யாது?’ என்று தம்முள்ளே வினவியவர் இரமணர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்து, 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் வரை அம்மலையைப் பிரியாதிருந்தார். இறவாமையை உடலில் தேடாத அவர், தம்மை அண்டி வாழ்ந்த விலங்குகளின் உடலையும் மதிப்போடு அடக்கஞ்செய்வித்தார் என்பது சிந்திக்கத்தக்கது. உடல் நிலையாது என்பதை உணர்ந்தவர்க்கு, உடன்வாழ்ந்தாரை மறத்தல் ஒல்லாது போலும்.

நிற்க, நடுகல் என்பது வீரன் ஒருவனே செய்துகொள்ளும் செயலன்று. அவன் செய்வது படுதல் ஒன்றே. கல்லைத் தேர்ந்து காணுதல், அதனைக் கொணர்தல், நீரில் ஆட்டுதல், நடுதல், படைத்தல், வாழ்த்துதல் என்னும் ஆறனையும் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகின்றது. இவ்வாறும் உயிரோடிருப்பார்க்குரிய கடமைகள். இங்கேதான் முன்னர்க் கூறிய தடைக்கு விடை பிறக்கின்றது. ஒருவனே ஆயிரம் ஆண்டு நின்று காத்தல் வேண்டும் என்பது அக்கதையின் கனவு. நம் முன்னோரோ அப்பொறையைப் பலர் தோளில் பகிர்ந்தனர். வீரன் ஒரு நாழிகை நின்றான். அவன் மகன் ஒரு தலைமுறை நின்றான். மகனின் மகன் பிறிதொரு தலைமுறை நின்றான். எழுத்தைப் படிக்க அறியாத காலம் வந்தபொழுதும், செங்கம் தருமபுரிப் பகுதி உழவர் அக்கல்லை ‘வேடியப்பன்’ என்று பெயரிட்டு வணங்கினர். தம் மக்கட்கும் அப்பெயரையே சூட்டினர். வீரனது பெயர் மறந்துபோயிற்று; பற்று மறந்துபோகவில்லை.

வேடியப்பனுக்குச் சேவகர் நிலையினர் உரியராயின், வேந்தர்க்கும் திருவண்ணாமலையில் இத்தகைய உரிமை ஒன்று உண்டு. போசள மன்னனாகிய மூன்றாம் வீரவல்லாளன், தில்லிப் படைகளால் துவாரசமுத்திரம் நலிவுற்ற பின்னர், திருவண்ணாமலையைத் தன் இருக்கையாகக் கொண்டவன். முதுமையிலும் மதுரைச் சுல்தானொடு பொருது, கண்ணனூர்க் கொப்பத்தை முற்றியிருந்தபொழுது எதிர்பாராத் தாக்குதலிற் சிறைப்பட்டு, 1342ஆம் ஆண்டளவில் கொல்லப்பட்டான். அவனது தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டனர் என இபின் பதூதா என்னும் வழிப்போக்கர் எழுதிவைத்துள்ளார். இழிவுபடுத்த எண்ணியவர் செய்த செயல் அது. அன்புடையார் செய்ததோ வேறு. மகப்பேறில்லாத வல்லாளனுக்கு இறைவனே மகவாய் வந்தான் என்பது தலபுராணம். அதனால் ஆண்டுதோறும் மாசிமகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, மகன் முறையில் அவனுக்குத் திதி கொடுக்கும் வழக்கம் இன்றளவும் நடைபெறுகின்றது. வரலாறு வேறு, புராணம் வேறு என்பதை யான் அறிவேன். ஆயினும் ஏறத்தாழ 700 ஆண்டுகட்கு முன்னர் மாண்ட ஒரு போர்வீரனுக்காக ஓர் ஊர் முழுதும் இன்றும் ஆற்றங்கரைக்குச் செல்கின்றதே, அது வரலாறன்றோ? ஆன்றமக்கி தன் தோழியைத் தேடுவதைக் கைவிட்டாள். திருவண்ணாமலை மக்கள் வல்லாளனைக் கைவிடவில்லை. தனியொருத்தியாய்த் தேடியவள் ஓய்ந்தாள். பலராய் நினைந்தவர் ஓயவில்லை.

பலராய் நிற்கும் இவ்வுறுதியை இலங்கையிலும் காணலாம். அரசனுக்கு இடர் நேருங்கால் உயிர்கொடுப்பதாகச் சூளுற்ற படையினரை வேளைக்காரர் என்பது பழைய வழக்கு. பொலன்னறுவையில் அவ்வேளைக்காரப் படையினர் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொறித்த தமிழ்க் கல்வெட்டொன்று உளது. புத்தரது தந்ததாது வைத்த பள்ளியைக் காக்கும் பொறுப்பை ஏற்ற அவர்கள், தம் வழியினர் உள்ளவரை அதனைக் காப்பதாக உறுதிகூறினர். தாம் இறப்பர் என்பதை அறிந்தமையாலன்றோ வழியினரையும் சேர்த்து வாக்களித்தனர்? சாவாதவன் இத்தகைய வாக்கு அளிக்க வேண்டுவதில்லை, அளிக்கவும் அறியான்.

எம் வேதாகமத்திலும் போர்வீரரிடை நிகழ்ந்த அன்பிற்கு ஒப்பற்ற சான்று உண்டு. யோனத்தான் அரசன் மகன். தாவீது அவ்வரசனால் வேட்டையாடப்பட்டவன். இருவரும் உடன்படிக்கை செய்து உயிர்த்தோழராயினர். யோனத்தான் கில்போவா மலையிற் பட்டான். தாவீது புலம்பிய புலம்பலை அனைவரும் அறிவர். என் மனத்தைக் கவர்ந்தது அப்புலம்பலினும் அதன்பின் நிகழ்ந்ததே. அரசனான தாவீது, யோனத்தானுக்கு உரியார் எவரேனும் எஞ்சியுளரோ என வினவி, இருகாலும் முடமான மேவிபோசேத்து என்னும் அவன் மகனை அழைப்பித்து, பாட்டனது நிலங்களை மீட்டுக்கொடுத்து, நாள்தோறும் தன் பந்தியில் அமர்த்தி உண்பித்தான். பகையரசன் வழியினரைக் கொன்றொழிப்பதே அக்காலத்து அரசநீதி. அதனை மீறித் தோழன் மகனுக்குச் சோறிட்ட அப்பந்தியே, என் கருத்தில், யோனத்தானுக்கு நட்ட நடுகல்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நடுகல் பெற்றார் அனைவரும் நல்வினைக்கே உயிர்கொடுத்தார் எனக் கூறவியலாது. நிரை மீட்டு வீழ்ந்தார்க்கே அன்றிக் கவரச் சென்று வீழ்ந்தார்க்கும் கற்கள் உள. தலைவன் தீயவனாயினும் அவன் ஏவியதைச் செய்து மாள்வதே விசுவாசம் என்று கொள்வோமாயின், அசுவத்தாமனையும் புகழ வேண்டிவரும். பற்றுக்கு அளவுகோல் அதன் வெம்மையன்று. அது எதனைக் காத்தது என்பதே. கருந்தேவகத்தி நாடு பிடிக்கச் செல்லவில்லை. தன் பொறுப்பில் இருந்த வாயில்லா உயிர்களை விட்டு ஓடாது நின்றான். கோவிவனும் அதனையே செய்தது. எனவே அவ்விருவர் கல்லின்முன் தலைவணங்க எம்மதத்தாரும், எப்போரையும் வெறுப்பாரும், நாணவேண்டுவதில்லை.

இனி நம் கடமை யாதென ஆராய்வோம். நடுகற்களிற் சில அருங்காட்சியகங்களைச் சேர்ந்துவிட்டன. எஞ்சியவை வேப்பமரத்தடியிலும் ஏரிக்கரையிலும் புன்செய் வரப்பிலும் நிற்கின்றன. சிலவற்றில் எண்ணெயும் மஞ்சளும் படிந்து எழுத்து மறைந்துளது. சிலவற்றை வழி அகலப்படுத்துவோர் பெயர்த்து ஒருபுறம் சாய்த்துவிடுகின்றனர். வணங்கும் உழவரை யான் குறைகூறேன். அவ்வணக்கமே அக்கற்களை இதுகாறும் காத்தது. குறை கூறத்தக்கார் கற்ற நாமே. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் நம்முள், வெட்சித்திணையின் துறைகளை மனப்பாடமாய் ஒப்பிப்போர் பலர். வட்டெழுத்தில் ஒரு வரி படிக்க வல்லார் எத்துணையர்? காண்டல் முதல் வாழ்த்தல் ஈறாக ஆறனையும் தேர்வுத்தாளில் எழுதுகின்றோம். அவற்றுள் முதலாவதாகிய காண்டலைக்கூடச் செய்வதில்லை.

பெருமுயற்சி வேண்டும் என்று யான் கூறவரவில்லை. விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர் எல்லையில் நிற்கும் பழங்கல் ஒன்றைக் காணலாம். அதனை எவர் எப்பெயரால் வணங்குகின்றனர் என முதியோரை வினவிக் குறிக்கலாம். எழுத்துளதேல் ஊராரின் இசைவோடு அதன் வடிவத்தைப் பதிந்து வந்து ஆசிரியரிடம் காட்டலாம். ஆண்டிற்கு ஒரு முறையேனும் வட்டெழுத்துப் பயிற்சி வகுப்பொன்றை நம் தமிழ்ச் சங்கம் நடத்தலாம். இக்கல்லூரியின் பழைய மாணவர்கள் பல ஊர்களிற் பணிபுரிகின்றனர். அவர்கள் தத்தம் ஊர்க் கற்களைப் பற்றிய செய்தியை இம்மலருக்கு எழுதி விடுப்பின், அது பிற்காலத்தார்க்கு ஒரு செல்வமாகும்.

சாவாத வீரரைத் திரையிற் கண்டு மகிழ்தல் தவறன்று. அவரது காயம் தானே ஆறிவிடும்; நம் உதவி அவர்க்கு வேண்டுவதில்லை. சாய்ந்த வீரர்க்கோ நம் உதவி வேண்டும். அவர் எழுந்து நின்று தம் பெயரைக் கூறமாட்டார். படிப்பார் உள்ளவரையே அவர் பெயர் பெயராகும். இல்லையேல் அது கல்லின்மேல் ஒரு கீறலே. எருமை நிரையை விட்டு ஓடாத ஒருவனையும், அவனை விட்டு ஓடாத ஒரு நாயையும் இத்துணைத் தலைமுறையார் காத்து நம் கையிற் கொடுத்துள்ளனர். இப்பொழுது முறை நம்முடையது.